தடைக்காலக் கவிதை ஒன்றை அலகிட்டுப் பார்த்தபோது

நீங்கள் அனுப்பிய கவிதையை முதலில் இங்கே எடுத்தெழுதிவிடுகிறேன். பதிலைப் படிக்கும் மற்றவர்களுக்கும் அது கண்முன் இருக்க வேண்டும். மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றி இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் எழுதியது, இன்னும் எங்கும் அச்சாகாதது, அவருடைய ஒப்புதலோடுதான் அனுப்புகிறேன் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள்.

கரையில் கிடக்கும் படகின் அடியில்
கோழி ஒன்று குஞ்சு பொரிக்கும்
வலையை விரித்து வெயிலில் பார்த்தால்
வானம் கூடக் கண்ணி கண்ணி

அப்பா
பீடியைப் பற்ற வைக்கிறார்
அணைக்கிறார்
மறுபடி பற்ற வைக்கிறார்

அறுபத்தொரு நாளும்
கடல்தான்
நடந்து நடந்து
எங்கள் கரைக்கு வந்து போகிறது

நீங்கள் கேட்டவை மூன்று. புதுக்கவிதைக்கு யாப்பு கிடையாது, அதை அலகிடுவது, அதாவது அசையும் சீருமாகப் பிரித்துப் பார்ப்பது, வீண்வேலை என்று வகுப்பில் சொல்லப்பட்டது சரியா என்பது ஒன்று. யாப்பு உண்டென்றால் இது எந்தப் பாவில் சேரும் என்பது அடுத்தது. 'நடந்து நடந்து' என்பதில் ஒன்றை எடுத்துவிட்டால் கவிதை இறுகும் என்று உங்கள் தோழி சொல்வதை ஏற்கலாமா என்பது மூன்றாவது. உண்மையில் விடை தேட வேண்டியது இந்த மூன்றாவது கேள்விக்குத்தான். அதற்கு விடை காண முற்பட்டால் முதல் இரண்டும் வழியிலேயே தீர்ந்துவிடும்.

முதல் கேள்வியைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். 'மணிக்கொடி' இதழில் 1934இல் ந. பிச்சமூர்த்தியின் 'காதல்' வெளிவந்ததிலிருந்து கணக்கிட்டாலும், 1959இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழிலிருந்து கணக்கிட்டாலும், புதுக்கவிதை விட்டுவிட்டது பா வகைகளின் கட்டாயத்தைத்தான். அசை என்ற ஒலித்துண்டையும் அசைகள் சேர்ந்த சீரையும் யாராலும் விட முடியாது. தமிழில் ஒரு சொல்லை வாய்விட்டுச் சொன்னாலே அது, ஒற்று என்ற புள்ளி எழுத்தை நீக்கினால் ஓரெழுத்துள்ள நேராகவோ ஈரெழுத்துள்ள நிரையாகவோ பிரிந்துதான் நாவிலிருந்து இறங்கும். மரபுக் கவிஞர் முன்பே வகுத்த ஓர் ஒழுங்கை நிறைவேற்றுகிறார். புதுக்கவிஞரோ எழுத எழுத ஓர் ஒழுங்கைத் தமக்கே உண்டாக்கிக்கொண்டு, எங்கே அதை மீறுவது என்பதையும் தாமே முடிவு செய்கிறார். ஆகவே புதுக்கவிதையை அலகிடும்போது 'விதிப்படி இருக்கிறதா' என்று கேட்பதில் பொருளில்லை. 'தன் வழக்கத்தைத் தானே எங்கே முறித்துக்கொள்கிறது' என்றுதான் கேட்க வேண்டும்.

இனி கவிதைக்குள் போவோம். முதல் அடியில் கரை/யில், கிடக்/கும், பட/கின், அடி/யில் என நான்கு சீரும் நிரை நேர், அதாவது புளிமா. நான்காம் அடியில் வா/னம், கூ/டக், கண்/ணி, கண்/ணி என நான்கும் நேர் நேர், அதாவது தேமா. இடையிலுள்ள இரண்டு அடிகளும் கலப்பு. 'கோழி ஒன்று குஞ்சு' மூன்று தேமா, 'பொரிக்கும்' புளிமா. 'வலையை விரித்து வெயிலில்' மூன்று புளிமா, 'பார்த்தால்' தேமா. ஆக முதற் பகுதியின் 16 சீரில் சரிபாதி புளிமா, சரிபாதி தேமா. நிரையில் முடியும் ஈரசைச்சீரான விளச்சீர் ஒன்றுகூட இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'கோழி ஒன்று' என்பதைப் புணர்த்தி 'கோழியொன்று' என்று எழுதினால் கோ/ழியொன்/று என்று பிரிந்து கூவிளங்காய் என்னும் மூவசைச்சீர் ஆகிவிடும். பழம்பாடல்களை அலகிடும்போது புணர்ச்சியோடுதான் அலகிட வேண்டும். புதுக்கவிதையில் கவிஞர் எழுத்தில் விட்ட இடைவெளியும் ஓசையின் பகுதியே என்று கொள்வதுதான் முறை என்பது என் கருத்து. இணையத்தில் கிடைக்கும் அலகிடும் மென்பொருள்களும் நீங்கள் இட்ட இடைவெளியை நம்பித்தான் கணக்கிடும். அதனால் அங்கே இடுவதற்கு முன் மூலத்தில் சொற்கள் எப்படிப் பிரிந்திருக்கின்றன என்பதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு அடியும் நாற்சீர் கொண்ட அளவடி. ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் முறையான தளையைப் பார்த்தால், முதல் அடிக்குள் மா முன் (தேமா, புளிமா இரண்டும் மாச்சீர்) நிரை வந்து இயற்சீர் வெண்டளை ஓடுகிறது. நான்காம் அடிக்குள் மா முன் நேர் வந்து நேரொன்றாசிரியத்தளை மட்டுமே நிற்கிறது. அகவலில், அதாவது ஆசிரியப்பாவில், வெண்டளை விரவுவதற்குத் தடையில்லை. எனவே ஈற்றில் ஏகாரம் இல்லை என்ற ஒன்றைத் தவிர, இந்த நான்கு அடியை நிலைமண்டில ஆசிரியப்பா என்றே சொல்லிவிடலாம். கவிஞர் அதை நினைத்து எழுதியிருக்க மாட்டார். நான்கு சீருக்கு ஒருமுறை மூச்சு வாங்கும் பழக்கம் நம் பேச்சிலேயே ஊறியிருக்கிறது.

எதுகை, மோனை போன்ற தொடையைப் பார்த்தால் சுவை இன்னும் கூடும். முதல் அடியின் முதற்சீரை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் பாருங்கள்: கிடக்கும், படகின், அடியில். இரண்டாம் எழுத்து ட, ட, டி. கடைசி மூன்று சீரில் அமையும் இதைக் கடைக்கூழை எதுகை என்பார்கள். இரண்டாம் அடியில் கோழி, குஞ்சு என்று ஒன்றாம் சீரும் மூன்றாம் சீரும் கோ, கு என இயைந்து பொழிப்பு மோனையாகின்றன. மூன்றாம் அடியில் 'வலையை விரித்து வெயிலில்' என்று மூன்று சீரும் வகரத்தில் தொடங்குவதால் மூன்றுமே மோனை என்று மாணவர்கள் எழுதிவிடுவார்கள். இலக்கணப்படி வகர உயிர்மெய் மட்டும் ஒத்தால் போதாது, அதன்மேல் ஏறிய உயிரும் இனமாக இருக்க வேண்டும். வி, வெ என்பன இனம். வ அவற்றோடு சேராது. ஆனால் அந்த 'வ', அடுத்த அடியின் 'வானம்' என்பதிலுள்ள 'வா'வோடு சேர்ந்து அடிமோனையாகிவிடுகிறது. ஒரே எழுத்து ஒரே அடியில் இரண்டு திசைக்கு இழுபடுகிறது.

நான்காம் அடியில் இன்னும் சற்று நின்று பார்க்க வேண்டும். முதல் அடியிலும் எட்டு அசை, இதிலும் எட்டு அசை. ஆனால் ஒற்றெழுத்தை நீக்கி எண்ணினால் முதல் அடியில் 12 எழுத்து, இதில் 8 எழுத்துதான். தொல்காப்பியர் அடியைச் சீரால் அல்லாமல் எழுத்தால் அளந்தவர். 7 முதல் 9 எழுத்து வரை சிந்தடி, 10 முதல் 14 வரை நேரடி என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் முதல் அடி நேரடி, நான்காம் அடி சிந்தடி. சீர் குறையாமலே அடி சுருங்கியிருக்கிறது. வானம் முழுவதும் சிறு சிறு கண்ணியாகத் துண்டுபடும் இடத்தில் இது நிகழ்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் அதை வற்புறுத்த மாட்டேன். எண்ணிக்கை கவிதையை நிரூபிக்காது, மோசமான கவிதைக்கும் இதே எண்ணிக்கை அமையலாம்.

'கண்ணி' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. வலைக்குக் கண்ணி, பறவை பிடிக்கும் சுருக்குக்கும் கண்ணி, யாப்பில் இரண்டடியாக வரும் பாட்டுக்கும் கண்ணி. பராபரக் கண்ணி பாடிய தாயுமானவர் அடங்கிய இடம் இராமநாதபுரத்து இலட்சுமிபுரம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 'கண்ணி கண்ணி' என்று கவிஞர் இரட்டித்தபோது பாட்டை நினைத்தாரோ இல்லையோ, வலையை நினைக்கும்போதே சுருக்கும் மனத்தில் வந்துவிடுகிறது. பிடிபட்டது மீனா, மீனவரா என்ற ஐயம் அந்த அடியிலேயே தொடங்கிவிடுகிறது.

அடுத்து 'அப்பா'. ஒரே சீர். யாப்பில் ஒருசீர் அடி என்று ஒன்று கிடையாது. குறைந்தது இரண்டு சீர் வேண்டும், அதற்குக் குறளடி என்று பெயர். ஆனால் தனித்து நிற்கும் ஒரு சீருக்கு மரபில் வேறோர் இடம் உண்டு. கலிப்பாவிலும் வஞ்சிப்பாவிலும் சுரிதகம் என்ற முடிவுப் பகுதிக்கு முன்னால் தனிச்சொல் ஒன்று வந்து, அதுவரை ஓடிய ஓசையை நிறுத்தி அடுத்த ஓட்டத்துக்குத் திருப்பிவிடும். 'அப்பா' செய்வதும் அதே வேலைதான். கோழி, வலை, வானம் என்று வெளியே அலைந்த கண் ஒரு சொல்லில் நின்று மனிதர் மேல் திரும்புகிறது.

பீ/டியைப், பற்/ற, வைக்/கிறார். கூவிளம், தேமா, கூவிளம். அணைக்/கிறார் கருவிளம். மறு/படி கருவிளம். மீண்டும் தேமா, கூவிளம். முதற் பகுதியில் ஒன்றுகூட இல்லாத விளச்சீர் இங்கே எட்டுச் சீரில் ஐந்து. கடைசிப் பகுதியிலும் விளம் கிடையாது. ஆகவே விளச்சீர் இந்தக் கவிதையில் அப்பாவுக்கு மட்டும் உரியது. தளையையும் பாருங்கள். விளம் முன் நிரை வரும் நிரையொன்றாசிரியத்தளை கவிதை முழுவதிலும் மூன்றே இடத்தில் வருகிறது. அவற்றில் இரண்டு 'அணைக்கிறார்' என்ற சொல்லின் இரு பக்கமும் இருக்கின்றன, மூன்றாவது 'வைக்கிறார்' முடிந்து 'அறுபத்தொரு' தொடங்கும் இடத்தில். நிரையொன்றாசிரியத்தளையால் வரும் ஓசையைத் தூங்கிசை அகவல் என்றும், நேரொன்றாசிரியத்தளையால் வருவதை ஏந்திசை அகவல் என்றும் முன்னோர் பிரித்தார்கள். நான்காம் அடி ஏந்திசை, அணைக்கும் இடம் தூங்கிசை. வாய்விட்டுப் படித்தாலே வேறுபாடு தெரியும். 'கண்ணி கண்ணி' எழும்பி நிற்கும். 'வைக்கிறார் அணைக்கிறார் மறுபடி' தொங்கிக்கொண்டே இழுபடும்.

'பற்ற வைக்கிறார்' என்பதை 'பற்றவைக்கிறார்' என்று சேர்த்து எழுதியிருந்தால் பற்/றவைக்/கிறார் என்று கூவிளங்கனி ஆகியிருக்கும். நிரை நடுவில் வரும் கனிச்சீருக்கு அகவலில் இடமே இல்லை. தெரிந்தோ தெரியாமலோ பிரித்து எழுதியது நல்லதாயிற்று. தீக்குச்சி உரசுவதற்கும் பற்றுவதற்கும் நடுவில் இருக்கும் நொடியும் அந்த இடைவெளியில் கிடைத்துவிடுகிறது. வைக்கிறார், அணைக்கிறார், வைக்கிறார் என்று அடி ஈறுகள் ஒத்து வருவது இயைபு. புதுக்கவிதையில் இயைபை வலிந்து வைத்தால் சினிமாப் பாட்டின் சாயல் வந்துவிடும். இங்கே வேலையற்ற ஒருவர் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதால் இயைபு தானாக விழுந்திருக்கிறது. அதைக் குறை சொல்ல முடியாது.

அடிகளின் சீர்த்தொகை 1, 3, 1, 3 என்று இருப்பதைக் கவனித்தீர்களா? ஒன்றும் மூன்றும் நான்கு. அதாவது அச்சில் உடைந்து தெரியும் இந்த நான்கு வரியும் உள்ளுக்குள் இரண்டு அளவடிதான். கவிதை இன்னும் தன் நான்கு சீர்ப் பழக்கத்தை விடவில்லை, மறைத்துத்தான் வைத்திருக்கிறது.

இந்த நான்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு நான் ஒன்று சொல்லலாம், ஆய்வாக அல்ல, கண்ட காட்சியாக. சிறுவயதில் தனுஷ்கோடிப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போனபோது விடியற்காலையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வடத்துக்கும் இரண்டு வரிசை ஆட்கள், குதிகாலை மணலில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து நிற்பார்கள். முன்னால் நிற்கும் பெரியவர் அம்பா என்ற வலையிழுப்புப் பாட்டில் ஓர் அடி எடுத்துக்கொடுப்பார், மற்றவர்கள் ஏலேலோ என்று ஏற்கும்போது இழுப்பு விழும். வலையின் மடி கரையை நெருங்க நெருங்கப் பெரியவரின் அடி குறுகிக்கொண்டே வரும், கடைசியில் ஏற்புக் குரல் மட்டும் மிஞ்சும். எண்ணிக்கை அவர்கள் உடம்பில் இருந்தது, எவரும் எண்ணவில்லை. உங்கள் ஊர் இளைஞர் அதைக் கேட்டு வளர்ந்தவரா என்பதை நீங்கள்தான் விசாரிக்க வேண்டும்.

மூன்றாம் பகுதிக்கு வருகிறேன். அறு/பத்/தொரு என்பது நிரை நேர் நிரை, புளிமாங்கனி. கவிதையின் 33 சீரில் மூவசைச்சீர் இரண்டே இரண்டு. அவற்றில் ஒன்று இது, மற்றது கடைசிச் சொல்லான போ/கிற/து, கூவிளங்காய். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த 61 நாள் என்னும் எண்ணே இருப்பதிலேயே கனத்த சீராக வந்து உட்கார்ந்திருக்கிறது. தடை 45 நாளாக இருந்து 2017இல்தான் 61 ஆனது. அதற்கு முன் இந்தக் கவிதை எழுதப்பட்டிருந்தால் 'நாற்பத்தைந்து' என்று வந்திருக்கும். அது நாற்/பத்/தைந்/து என்று நாலசைச்சீராகித் தேமாந்தண்பூ ஆகியிருக்கும். நாளைக் கூட்டியதில் அசை குறைந்த விந்தையை மீன்வளத் துறை அறிந்திருக்க நியாயமில்லை.

கடல்தான், நடந்து, நடந்து என்பன மூன்றும் புளிமா. கட, நட என்று அடியெதுகையும் அமைகிறது. இப்போது முதல் அடியை நினைத்துப் பாருங்கள்: கிடக்கும், படகின், அடியில். அங்கும் டகரம், அங்கும் புளிமா. அங்கே டகரம் கரையில் கிடக்கும் படகோடு சேர்ந்து கிடந்தது. இங்கே அதே டகரம் நடக்கிறது. படகு போக வேண்டிய கடல், படகு போகாததால், தானே படகிடம் வருகிறது. கவிதை சொல்ல வந்ததை ஓர் எதுகை முன்னமே சொல்லிவிட்டது. இந்தக் கவிதையில் நான் மிகவும் மதிக்கும் இடம் இதுதான்.

இனி உங்கள் தோழியின் யோசனை. 'அறுபத்தொரு நாளும் கடல்தான் நடந்து' என்று ஒரே ஒரு 'நடந்து' இருந்தால் சரியாக நான்கு சீர். பிறகு 'எங்கள் கரைக்கு வந்து போகிறது' நான்கு சீர். எல்லாம் ஒழுங்காகிவிடும். தோழியின் காது தவறாகக் கேட்கவில்லை. அங்கே ஒரு சீர் கூடுதல் என்பது உண்மைதான். இரண்டாவது 'நடந்து' வருவதால் அளவடி நெடிலடியாகிறது. கவிதை முழுவதும் வெளிப்படையாகவோ மறைவாகவோ காத்துவந்த நான்கு, கடல் நடக்கத் தொடங்கும் இடத்தில்தான் ஐந்தாகிறது. மனிதர் நான்கு சீருக்குள் அடைபட்டுக் கிடக்க, கடல் மட்டும் ஒரு சீர் கூடுதலாக நடக்கிறது. அந்தச் சீரை எடுத்துவிட்டால் கடலும் தடைக்காலத்துக்குக் கட்டுப்பட்டதாகிவிடும். இறுக்கம் வேண்டும் என்று எல்லா இடத்திலும் கத்தரிக்கோலை எடுக்கும் பழக்கம் இப்போது கவிதைப் பட்டறைகளில் பரவியிருக்கிறது. இங்கே அதற்கு நான் உடன்பட மாட்டேன்.

எந்தப் பாவில் சேரும் என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. அகவலாகத் தொடங்கி, அகவலை உடைத்து ஒளித்துவைத்து, கடைசியில் ஒரு சீரால் அகவலை மீறுகிறது. உங்கள் கட்டுரையில் இதை 'ஆசிரியப்பா' என்று எழுதாதீர்கள், 'யாப்பற்றது' என்றும் எழுதாதீர்கள். இராமநாதபுரத்துச் சேதுபதி மன்னர்கள் வித்துவான்களுக்கு ஊர்களை மானியமாகக் கொடுத்த சீமை இது. கீழக்கரைச் சீதக்காதியின் ஆதரவில் உமறுப்புலவர் தொடங்கிய சீறாப்புராணம் 5,000 விருத்தத்துக்கு மேல் வளர்ந்தது. அந்த மண்ணில் ஒருவர் யாப்பைப் படிக்காமலே யாப்போடு இவ்வளவு பழகியிருக்கிறார் என்று எழுதுவதே போதும்.

ஆனால் என் சந்தேகம் 'எங்கள்' என்ற சொல்லின் மேல் இருக்கிறது. அதை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள்: கடல்தான் நடந்து நடந்து கரைக்கு. நான்கும் புளிமா. 'கரையில் கிடக்கும் படகின் அடியில்' என்ற முதல் அடிக்கு வார்ப்பு மாறாத எதிரொலி அது. 'எங்கள்' என்ற தேமா குறுக்கே நின்று அந்த ஓட்டத்தை மறிக்கிறது. மறுபுறம், அதை எடுத்தால் பகுதியின் மொத்தச் சீர் எட்டாகி, நான் மேலே காத்த அந்தக் கூடுதல் ஒன்றும் போய்விடும். கூடுதல் சீர் 'நடந்து' என்று நான் சொன்னது போலவே 'எங்கள்' என்றும் வாதிடலாம். பொருளைப் பார்த்தால் 'எங்கள்' இல்லாமலும் கரை யாருடையது என்பது தெரிகிறது. ஆனாலும் இரண்டு மாதம் கடலுக்குள் கால் வைக்கக் கூடாத ஒருவர் கரையையாவது 'எங்கள்' என்று சொல்லிக்கொள்வதைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை.

அவரைச் சந்திக்கும்போது இந்தக் கணக்கு எதையும் சொல்லாமல் கவிதையை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். 'நடந்து நடந்து' முடிந்ததும் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு 'எங்கள்' என்று தொடங்கினால் அது அங்கேயே இருக்கட்டும். மூச்சு வாங்காமல் அதை விழுங்கிவிட்டுக் 'கரைக்கு' என்பதற்கு ஓடினால், அடித்துவிடச் சொல்லுங்கள்.